மரத்துல செஞ்ச லூரை எங்க புடிக்கிறது, எப்படிக் காய வெக்கிறது – என்ற அனுபவம்

வணக்கமுங்க. லூருங்கறது தூண்டில்ல மாட்டி மீனை ஏமாத்திப் புடிக்கற பொய் மீனுங்க. அதுக்கு மரக்கட்டைய மீனாட்டம் செதுக்கறதுதான் கஷ்டம்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க, என்ற அனுபவத்துல செதுக்கறது ஒரு பொழுது வேலைதானுங்க, அதுக்கப்புறம் சீலர் (மரத்துளைய அடைக்கற பூச்சு), பெயிண்டு, எப்பாக்ஸி (பிசினும் ஹார்டனரும் கலந்தா கண்ணாடியாட்டம் இறுகற பூச்சு)ன்னு ஒவ்வொரு கோட்டுக்கும் ஈரமா இருக்கற லூரை எங்க புடிக்கிறது, எங்க தொங்க விடறது, வழியாம எப்படிக் காய வெக்கிறது, இதுலதான் வேலையே இருக்குது. நம்ம பக்கத்துல சொந்தமா லூர் செய்யறவங்க கம்மி, அதனால எங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம் கெடைக்கற சாமானை வெச்சு நான் செஞ்சத அப்படியே எழுதறேன், வேணுங்கறவங்க எடுத்துக்குங்க.

மரம் மலைவேம்பு. நம்மூர்ல ப்ளைவுட்டுக்குன்னு தோட்டந் தோட்டமா நட்டு வெச்சிருக்காங்க, எடை கம்மி, கத்திக்கு நல்லா வளைஞ்சு குடுக்கும், வெட்டுன துண்டு சும்மாவே கெடைக்கும். மூக்குல இருந்து வால் வரைக்கும் 1 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி ஒரே கம்பியா உள்ளார ஓடோணும், ரெண்டு முனையிலயும் வளையம் போட்டுக்கோணும். வாளையோ பெரிய விராலோ இழுத்தா மரம் ஒடைஞ்சாலும் மீன் கம்பியில நிக்கும். ஆனா அந்த ரெண்டு வளையமும் இன்னொரு வேலைக்கும் ஆகுது, லூரைத் தொடாம புடிக்கறதுக்கு அதுதான் கைப்பிடி. அதனால கட்டையில கோடு போடறப்பவே எங்க புடிக்கப் போறோம்னு முடிவு பண்ணிருங்க, பெயிண்டு அடிச்சதுக்கப்புறம் யோசிச்சா எங்க தொட்டாலும் வெரல் ரேகைதான்.

லிப் (லூர் தண்ணியில முங்கி நீந்தறதுக்கு மூக்குக்கடியில வெக்கற தகடு) சொருகற காடி இருக்கு பாருங்க, அதையும் சும்மா விடாதீங்க. குச்சி ஐஸ் குச்சிய லேசா தேச்சு அந்தக் காடியில இறுக்கிச் சொருகிட்டா சீலர் உள்ள போயி அடைக்காது, பெயிண்டு அடிக்கறப்ப புடிக்கறதுக்கும் ஆச்சு. அடிச்சு முடிச்சதும் வாழைத்தண்டுத் துண்டுல ஊதுபத்தி குத்தற மாதிரி குத்தி வெச்சுட்டு அடுத்ததை எடுப்பேன். தெர்மாகோல்ல குத்துனா காத்துக்குச் சாஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்குது, தண்டு கனமா இருக்கறதால அசையாது. எங்கூர்ல வாழைக்குப் பஞ்சமில்லீங்க, தடப்பள்ளி வாய்க்கா பாயற ஊரு.

உப்புத்தாள் 120, 220, அப்புறம் 400. தொட்டித் தண்ணியில போட்டு மெதக்கறத பாத்து வயித்துல ஈயம் வெச்சதும் மறுபடியும் நெழல்ல நல்லாக் காய வுடோணும், உள்ள ஈரம் நின்னா மேல என்ன பூசுனாலும் பின்னால கொப்புளம் வரும். இந்த எடத்துல எங்களுக்குக் கதவு, ஜன்னல் பாலிஷ் போடற ஆசாரி அண்ணன் ஒருத்தர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப ஒதவுச்சு. "தம்பி, வெயில் ஏறயில சீலர் அடிக்காதீங்க, பொழுது சாயயில அடிங்க, மரம் தானாக் குடிச்சுக்கும்"னாரு. காரணம் இதுதானுங்க: காலைல வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு வெளிய வரும், ஈரமா இருக்கற பூச்சுல அது குமிழா நிக்கும். பொழுதோட சூடு எறங்க எறங்க உள்ள இருக்கற காத்து சுருங்கி பூச்சை உள்ள இழுக்கும். எப்பாக்ஸிக்கும் இதே கணக்குத்தான். அதுலருந்து நான் பூச்சு வேலை எல்லாத்தையும் சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டேன், ஊசி குத்துனாப்புல வர்ற ஓட்டை ரொம்பவே கொறைஞ்சுது.

சீலருக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சான்டிங் சீலர்ல தின்னர் கலந்து வால் வளையத்தப் புடிச்சு முழுசா முக்கி எடுப்பேன். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பிய ரெண்டு பக்கமும் கொக்கியா வளைச்சு துணிக்கொடியில மாட்டிட்டா போதும், தலைகீழாத் தொங்கும். ரெண்டு நிமிசத்துல மூக்குல ஒரு சொட்டு தெரளும், அதை அட்டை ஓரத்துல தொட்டு எடுத்துட்டா மூக்கு தடிக்காது. கொக்கிக்கு கொக்கி ஒரு சாண் எடம் வுடுங்க. ஆடி மாசத்துல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசறப்ப கொடியில மாட்டவே வேண்டாம், லூர் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், புழுதியும் ஒட்டும். ஐப்பசி மழையில வேற தொந்தரவு, காத்துல ஈரம் அதிகமானா என்.சி. பூச்சு பால் ஊத்துனாப்புல வெளுத்துப் போகும். அந்த மாதிரி நாளுல பேசாம செதுக்கற வேலைய மட்டும் பாக்கறதுதான் சரி.

பெயிண்டு சுருக்கமா சொல்லிர்றேன். தண்ணியில கரையற அக்ரிலிக், மெல்லிசா பல கோட்டு, கோட்டுக்கு நடுவுல ஹேர் ட்ரையர். செதில் மாதிரி வர்றதுக்குப் பூண்டு மூட்டை வலைய லூர் மேல இறுக்கிச் சுத்தி முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டுருவேன், கிளிப்பே கைப்பிடி. பெயிண்டு தொட்டா ஒட்டாத பதத்துக்கு வந்ததும் வலைய நேரா மேல தூக்கோணும், பக்கவாட்டுல இழுத்தா செதில் கலைஞ்சிரும்.

இனி எப்பாக்ஸி. மெல்லிசான பூச்சுன்னா தொங்க விடலாம், தடியான பூச்சுன்னா சுத்த வுடோணும், எந்தப் பூச்சா இருந்தாலும் இதுதான் கணக்கு. எப்பாக்ஸியத் தொங்க விட்டா மேல எலும்பாட்டம் மெலிஞ்சு கீழ குண்டாயிரும், அப்புறம் தண்ணியில அந்த லூர் நீங்க தொட்டியில பாத்த மாதிரி நீந்தாது.

சுத்தறதுக்கு எனக்குக் கெடைச்சது ஒரு பழைய இன்குபேட்டருங்க. எங்க மாமா ஒருத்தர் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வெச்சிருந்தது, தெர்மாகோல் பொட்டி, குண்டு பல்பு, 37.5 டிகிரிக்கு வெக்கற தெர்மோஸ்டாட்டு, முட்டைத் தட்டைச் சாய்க்கற சின்ன மோட்டாரு. நிமிசத்துக்கு ரெண்டரை சுத்து. தட்டைக் கழட்டிட்டு மோட்டார்ல ஒரு பிவிசி பைப்பை மாட்டி, அதுல ரெண்டு ப்ளைவுட் வட்டம், ஒரு வட்டத்துல ஆணி, எதிர் வட்டத்துல சைக்கிள் ட்யூபை அறுத்த ரப்பர். லூரோட ஒரு வளையம் ஆணியில, இன்னொண்ணு ரப்பர்ல. இந்த மோட்டாரு போடறப்ப எந்தப் பக்கம் வேணா சுத்த ஆரம்பிக்கும், தட்டுச்சுன்னா திரும்பிக்கும், பூச்சுக்கு அதால ஒண்ணும் ஆகாது. ஆனா எதிரெதிரா எடை சமமா மாட்டோணும், இல்லாட்டித் திணறும். பொட்டி நேரா நிக்குதான்னு ரசமட்டம் வெச்சுப் பாத்துக்குங்க, சாஞ்சிருந்தா எப்பாக்ஸி மெதுவா ஒரு முனைக்கு நகந்துரும்.

வளையத்துல தண்ணிப் பைப்புக்குச் சுத்தற டெஃப்ளான் டேப்பைச் சுத்திருங்க, லிப்பைச் சொருகி ஒட்டுனதும் அதுமேலயும் மாஸ்கிங் டேப். எப்பாக்ஸி கலக்கறதுக்கு முன்னால பாட்டில்ல போட்டிருக்கற அளவு எடைக் கணக்கா, கன அளவுக் கணக்கான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணில்ல. கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலுக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் எப்பத் தொட்டாலும் அரிக்கும். ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சுக் கலக்கிட்டு சின்ன பிரஷ்ல தடவி, குமிழுக்கு ஹேர் ட்ரையரைத் தூரமாக் காட்டுனா ஒடைஞ்சிரும், வாயால ஊதாதீங்க, மூச்சுல ஈரம் இருக்குது. வெளக்கு வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா பூச்சு படாத எடம் மங்கலாத் தெரியும், அதை அப்பவே தொட்டு விடலாம்.

மொதல்ல பல்பு போடவே கூடாது. ஈரமா இருக்கறப்ப சூடு குடுத்தா, மேல சொன்ன மாதிரி, மரத்துக்குள்ள இருக்கற காத்து வெளிய வரும். ராத்திரி முழுக்கச் சுத்தி, காலைல பூச்சு ஓடாத பதத்துக்கு வந்ததுக்கப்புறம் பல்பைப் போட்டு வெச்சா நல்லா இறுகுது. தின்னர் வாசம் அடிக்கற எதையும் அந்தப் பொட்டிக்குள்ள வெக்காதீங்க, தெர்மோஸ்டாட் பொறி போதும், தீப்புடிச்சுக்கும். கரண்டு நின்னா மோட்டாரும் நிக்கும், நின்ன கொஞ்ச நேரத்துல வயித்துக்கடியில பூச்சு தடிச்சு, ஈயம் வெச்ச எடத்துக்கு நேராக் கண்ணாடிச் சொட்டு ஒண்ணு தொங்கும். அதனால பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்தற நாளைப் பாத்துட்டுத்தான் கலப்பேன், மீறி நின்னாலும் பைப்பைக் கையால கால் கால் சுத்தாத் திருப்பிக்கிட்டே இருந்தா தப்பிச்சுக்கும்.

ஃபின்லாந்துல லௌரி ராபாலா 1936-ல செஞ்ச மொத லூருக்கு கார்க்கு மேல சாக்லேட் காகிதத்தை ஒட்டி, காப்புக்கு ஃபோட்டோ நெகட்டிவை உருக்கித்தான் பூசுனாருங்க. அவருக்கும் கைக்குக் கெடைச்சதுதான் சாமானு, அதைப் படிச்சதுலருந்து எனக்கு இந்தக் கோழிப் பொட்டி மேல மரியாதையே வந்துருச்சு.

மறுநாள் தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா முழுசா இறுகறதுக்கு ஒரு வாரம் ஆகும், அதுக்கு முன்னால ட்ரெபிள் ஹூக்கு (மூணு முனை இருக்கற தூண்டில் முள்ளு) மாட்டி டப்பாவுல ஒண்ணா அடைச்சீங்கன்னா ஹூக்கு முனை பூச்சுல தடம் போட்டுரும். வளையத்துல டேப்பை உரிச்சுட்டு அடைச்சிருந்தா சின்ன ட்ரில் பிட்டைக் கையாலயே திருகிச் சுத்தம் பண்ணுங்க. லிப்போட அடியில, கம்பி வெளிய வர்ற எடத்துல மயிரிழை விரிசல் இருக்குதான்னு நல்லா வெளிச்சத்துல பாருங்க, தண்ணி உள்ள போறது அங்கதான், ஒரு சொட்டு எப்பாக்ஸிய ஈர்க்குச்சியில தொட்டு வெச்சாப் போதும்.