கரு தங்கும் நாள்

ஜூன் 3
சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி வைத்த கரு இரண்டாவது முறையும் தங்கவில்லை. "கரு நல்ல கருதான். அன்றைக்குக் கர்ப்பப்பை தயாராக இருந்ததா என்று பார்ப்போம்" என்றார் டாக்டர். இந்த மாதம் ஒத்திகை மட்டும்: மாத்திரைகள் வழக்கம்போல, ஆனால் கரு வைக்க வேண்டிய நாளில் அதை வைக்காமல், கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சதை எடுக்கும் குழாயைக் காட்டினார். ஜூஸ் ஸ்ட்ராவைவிட மெல்லியது.

ஜூன் 6
தூக்கம் வராமல் படித்தேன். கருமுட்டை வெளிவந்த ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் கர்ப்பப்பை கருவை ஏற்குமாம். திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அந்த நாளைக் கணிக்க நாய்ஸ், ஹெர்ட்டிக், ராக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1950இல் ஒரு முறை வகுத்தார்கள். 2011இல் ஸ்பெயினின் வலென்சியா ஆய்வாளர்கள் அதே நாளை 238 மரபணுக்களை வைத்துக் கணிக்க ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். எனக்குச் சொல்லப்பட்டது அந்த வகைதான்.

ஜூன் 7
இது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எல்.ஐ.எஃப். என்றொரு புரதம். அது சுரக்காத எலிகளிடம் கரு உருவானது, ஆனால் கருப்பையில் ஒட்டவில்லை. அதே கருவை வேறு எலியின் கருப்பையில் வைத்ததும் ஒட்டி வளர்ந்தது. 1992இல் கண்டது. குறை கருவில் இல்லை, இடத்தில்தான். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். என் இடம் எப்படி என்று யார் சொல்வது?

ஜூன் 10
2022இல் அமெரிக்காவில் 767 பேரிடம் அந்த மரபணுச் சோதனையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனை சொன்ன நேரத்தில் கரு வைத்தவர்களில் 58.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. சோதனையால் பலன் கூடவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் முழுதும் படித்தார். "உங்கள் விருப்பம்தான்" என்றார். ஒத்திகை வேண்டாம், கருவையே வையுங்கள் என்றேன். மாத்திரை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் நாள் எதுவும் வீணாகவில்லை.

ஆராய்ச்சி நிற்கக் கூடாது. சரியான அடையாளம் ஒன்று கிடைத்தால் என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு கருவாக இழக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னும் உறுதியாகாத ஒன்றுக்காக ஒரு மாதத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 19
ஸ்கேனில் உட்சுவர் 9 மி.மீ. அது நன்றாக வளர்ந்ததன் அடையாளமான மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. காலை 8 மணிக்கு கருவை ஏற்கக் கர்ப்பப்பையைத் தயாராக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் முதல் மாத்திரை வைத்தேன். அத்தை காலண்டரை எடுத்துவந்து, "கரு வைப்பது எந்த நாள், எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். "இப்போதிலிருந்து 120 மணி நேரம், அத்தை" என்றேன். விரல்விட்டு எண்ணி, 24ஐப் பேனாவால் வட்டமிட்டார்.