அரியர் வைத்த பேப்பர்

போன வாரம் ஒரு செயலியின் பணம் கட்டும் பக்கத்தைச் சோதிக்கக் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி, 'இந்தப் பக்கம் உங்களுக்கு எவ்வளவு குழப்பமாக இருந்தது?' என்று முதல் கேள்வி எழுதியிருந்தார். குழப்பம் இருந்தது என்று நாமே முடிவு கட்டியாகிவிட்டது! அந்தக் கேள்வியை அடித்தேன். அவர் முகம் சுருங்கியது.

சரி என்று, 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் வெளியிட்ட சோதனையைச் சொன்னேன். கார் விபத்துக் காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். பார்த்ததென்னவோ எல்லோரும் அதே காட்சிகளைத்தான்.

இதை நான் படித்தது உளவியல் பட்டப்படிப்பில், ஆய்வு முறைகள் வகுப்பில். கூடவே புள்ளியியல். அந்தப் பேப்பரில்தான் எனக்கு அரியர். ஃப்ராய்டின் கனவு விளக்கங்களுக்காகக் கல்லூரியில் சேர்ந்தவளுக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. மனநல ஆலோசகராகி, மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுவேன் என்று நினைத்திருந்தேன். அதற்கு மேற்படிப்பு வேண்டும், மேற்பார்வையில் பல மாதப் பயிற்சி வேண்டும் என்பது கடைசி வருடத்தில்தான் உறைத்தது. வகுப்பில் ஒரே ஒருத்தி அந்த வழியில் போனாள். மற்றவர்களில் ஒருத்தி சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறாள், இன்னொருத்தி விளம்பரத் துறையில். நான் மனிதவளத் துறைக்குப் போனேன்.

அங்கே ஆள் எடுக்க ஓர் ஆளுமைத் தேர்வு வைத்திருந்தார்கள். ஆர்வக்கோளாறில் நானே அதை எழுதிப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினால் வேறு ஆளாக வந்து நின்றேன். இதன் நம்பகத்தன்மையை யாராவது பார்த்தார்களா என்று மேலாளரிடம் கேட்டேன். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். எட்டே மாதத்தில் அந்த வேலையை விட்டேன். பயனர் ஆய்வுக்கு, அதாவது செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் வேலைக்கு, வந்தது அப்படித்தான்.

இங்கே வந்த பிறகுதான் பழைய பாடங்களை நிதானமாகப் படித்தேன். 2015-இல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு, உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாதவை. திரும்பச் செய்ததில் தேறியது 36 சதவீதம்தான். தேர்வுக்காக விழுந்து விழுந்து மனப்பாடம் செய்ததில் எதெல்லாம் நிற்கும், எதெல்லாம் விழும்? கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் நான் தூங்கி வழிந்த அதே பாடம்தான்.

அந்தத் தம்பி கேள்வியை மாற்றி எழுதினார்: 'இந்தப் பக்கத்துக்கு வந்ததும் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.' மறுநாள் சோதனைக்கு வந்த ஒரு பெண்மணி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குழப்பமெல்லாம் ஒன்றும் இல்லைங்க. கார்டு நம்பரைக் கொடுக்கப் பயமாக இருந்தது, மூடிவிட்டேன்."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பு எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.