சாமி பொய்யெண்டால் அத்தான் விட்ட குடியும் பொய்யோ

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியவே அக்கா போன் எடுத்தா. சாமியைப் பொலிஸ் பிடிச்சிட்டுதாம். ஆச்சிரமத்துக்குக் காணி வாங்கப்போறம் எண்டு ஊர்ச் சனத்திட்டயும் வெளிநாட்டில இருக்கிறவையிட்டயும் சேர்த்த காசில அவர் தன்ர பேரில காணி எழுதியிருக்கிறார், அதோட அங்க சேவைக்கு நிண்ட பிள்ளை ஒண்டும் அவர் தன்னோட தப்பா நடந்தவர் எண்டு முறைப்பாடு குடுத்திருக்கு. அக்கா சாமியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. "தம்பி, இவர் திரும்பக் குடிக்கத் தொடங்கிடுவாரோ" எண்டு அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தா.

பயப்பிடாமல் என்ன செய்வா. சண்டை முடிஞ்சு முகாமால வந்த பிறகு அத்தான் குடிச்ச குடி அப்பிடி, பின்னேரம் கள்ளுத் தவறணையில தொடங்கி இரவு சாராயத்தில முடியும், தாலிக்கொடி அடைவில, பெடியன் தகப்பனோட முகம் குடுத்துக் கதைக்கிறதையே விட்டிட்டான். சாமியின்ர பஜனைக்குப் போகத் தொடங்கினாப் பிறகுதான் அந்த மனிசன் குடியை விட்டது. ஆரும் சொல்லிக் கேட்டதில்லை, நானே கண்ணால கண்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாமி அப்பிடி என்னத்தைத்தான் சொன்னவர் எண்டு அத்தானிட்டக் கேட்டன். கனநேரம் யோசிச்சுப்போட்டு, புதுசா ஒண்டுமில்லையடாப்பா, விடிய நாலரைக்கு எழும்பு, தலைமுழுகு, திருநீறு பூசித் தேவாரம் படி, பின்னேரம் ஆறு மணிக்கு இஞ்ச வந்திடு எண்டவர், அவ்வளவுதான் எண்டார். ஆறு மணி எண்டது அவர் தவறணைக்கு இறங்கிற நேரம். ஒருநாள் போகாட்டி பஜனைக்கு வாறவை ஆராவது வீட்டை தேடி வந்திடுவினம்.

1935இல அமெரிக்காவில தொடங்கின ஆல்கஹோலிக்ஸ் அனோனிமஸிலயும் நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான், அங்க குரு எண்டு ஒருத்தரும் இல்லை, குடியால கெட்டவையே ஒருத்தருக்கு ஒருத்தர் துணை. அப்ப அத்தானைத் திருத்தினதில பெரும்பங்கு அந்தக் கூட்டத்துக்கும் அந்த ஆறு மணிக்கும் அவரின்ர சொந்தப் பிடிவாதத்துக்கும்தான் எண்டு நான் நினைக்கிறன். சாமிக்கு ஒண்டுமே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. இனித் தொடமாட்டன் எண்டு ஆரோ ஒருத்தருக்கு முன்னால நிண்டு சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, எங்களுக்கு முன்னால சொல்ல வெக்கம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கந்தோரில குருநகர் நண்பரிட்ட இதைச் சொன்னன், அவர் வேதக்காரர். உந்தக் கேள்வி எங்கட சபையில நாலாம் நூற்றாண்டிலயே வந்தது எண்டார். ரோமராச்சியம் கிறிஸ்தவரைத் துன்புறுத்தேக்க பயந்து வேதப்புத்தகங்களைக் கையளிச்ச குருமார் குடுத்த ஞானஸ்நானம் செல்லுமோ எண்டு வட ஆபிரிக்காவில பெரிய பிளவே வந்ததாம். செல்லும், குடுக்கிறது கிறிஸ்து, குருவானவரின்ர குணத்தில அது தங்கியிருக்கேல்லை எண்டு வாதாடினவர் புனித அகுஸ்தீன். "ஆனா ஞானஸ்நானம் செல்லும் எண்டதால அந்தக் குருவானவர் செய்தது சரியெண்டு ஆகிடாது, அதை மறந்திடாதேங்கோ" எண்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இண்டைக்குத்தான் எனக்கு உண்மையாக் கோபம் வந்தது. பஜனைக் கூட்டத்தில மிச்சமிருக்கிறவை ஒரு கடிதத்தோட அத்தானிட்ட வந்தவை. சாமி எங்களைத் திருத்தினவர், முறைப்பாடு முழுப்பொய் எண்டு எழுதியிருக்கு, அத்தானைத்தான் முதல் கையெழுத்து வைக்கட்டாம், ஊருக்கே தெரிஞ்ச குடிகாரன் திருந்தினதை விட வேற என்ன சாட்சி வேணும் எண்டினம்.

அதில ஒருத்தர் மெய்ப்பொருள் நாயனார் கதையை எடுத்தார். போரில வெல்ல ஏலாத முத்தநாதன் திருநீறு பூசிப் புத்தகக்கட்டுக்குள்ள கத்தியை ஒளிச்சுக்கொண்டு வந்து குத்தினவன், நாயனார் விழேக்கயும் "தத்தா நமர்", தத்தா இவர் எங்கட ஆள், எண்டு தத்தன் எண்ட காவலாளைத் தடுத்து அவனைப் பத்திரமா ஊரெல்லை தாண்ட வைச்சவர், நாங்களும் அப்பிடி மன்னிக்க வேணும் எண்டார். சின்னனில இருந்து கேட்ட கதை, எனக்கு உயிரான கதை. வேடம் பொய்யா இருந்தும் நாயனாரின்ர பக்தி பொய்யாகேல்லை, அதுவரைக்கும் சரி. ஆனா நாயனார் மன்னிச்சது தன்ர நெஞ்சில விழுந்த குத்தை. அந்தப் பிள்ளைக்கு விழுந்த குத்தை மன்னிக்க நாங்கள் ஆர்? நான் அதை அப்பிடியே கேட்டன், ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

பிரேமானந்தாவை மறந்திட்டினமோ. மாத்தளையில பிறந்தவர், 83 கலவரத்துக்குப் பிறகு திருச்சிப் பக்கம் ஆச்சிரமம் வைச்சவர், இலங்கையால போன அநாதைப் பிள்ளையளும் அங்க வளர்ந்தவை. 1997இல புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வல்லுறவுக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள்தண்டனை குடுத்தது, 2005இல உச்சநீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தினது, 2011இல தண்டனைக் காலத்திலயே செத்தார். அவரால வாழ்க்கை மாறினது எண்டு சொல்லுற சனம் இண்டைக்கும் இருக்கு. மாறியிருக்கலாம், நான் மறுக்கேல்லை, ஆனா அந்த மாற்றத்தைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையளின்ர வாயை மூடப் பாக்கிறதுதான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தானோட போனன். தேரடியில நிக்கேக்க, "அப்ப ஆளை எப்பிடித்தான் அறியிறது" எண்டு கேட்டார். இந்தத் தேரடியில இருந்த செல்லப்பா சுவாமியைச் சனம் விசரன் எண்டது, அவரிட்டச் சீடனா வந்துதான், யாழ்ப்பாணச் சனம் இண்டைக்கும் கும்பிடுற யோகர் சுவாமி சுவாமியானவர். அவரும் கொழும்புத்துறையில ஒரு கொட்டிலுக்குள்ள இருந்து, கும்பிட வந்த கனபேரை ஏசிக் கலைச்சவர். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன், காவியைப் பாக்காதேங்கோ, காசை ஆரின்ர பேரில எழுதுறார் எண்டு பாருங்கோ எண்டு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அத்தான் கையெழுத்து வைக்கேல்லை. படலையடியில நிண்டு நன்றி கெட்ட வேலை எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. அத்தான் சத்தம் போடேல்லை, "நான் குடியை விட்டது உண்மை, அதை எங்கயும் வந்து சொல்லுவன். அந்தப் பிள்ளை பொய் சொல்லுது எண்டு நான் எப்பிடி எழுதுறது, நான் அங்க நிண்டனானே?" எண்டு மட்டும் கேட்டார்.

சாமியறையில இருந்த படத்தைக் கழட்டிட்டார். பஜனை நிண்டுபோனதால அந்த ஆறு மணிதான் அக்காவுக்குப் பெரிய பயம், இப்ப அந்தக் கூட்டத்தில ரெண்டு மூண்டு பேர் அத்தான்ர விறாந்தைக்கு வருகினம், தேவாரம் படிச்சுப் பிளேன்ரீ குடிச்சுப்போட்டுப் போகினம், அதிலயும் ஒருத்தர் முந்திக் குடிச்சவர்தான். காணிக்கெண்டு கட்டின காசின்ர பற்றுச்சீட்டெல்லாம் அக்கா ஒரு பையில போட்டு வைச்சிருக்கிறா. செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டு பொலிசில வாக்குமூலம் குடுக்கப் போறம், நான் லீவும் போட்டிட்டன்.