தாத்தாவின் தந்தப் பெட்டியும் அப்பாவின் கல்யாணப் படமும்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த என் மகள், சாமி மேடைக்குக் கீழே இருந்த பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை நான் சிங்கப்பூருக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். புது வீட்டுக்குக் குடிபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பூட்டன் வைத்திருந்த பொருள் ஒன்று தன் வீட்டிலும் இருக்கட்டும் என்று நினைக்கிறாளே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்த கொழுந்தனார், "காடி பூட்ல துணிக்கு அடியில வச்சா ஜோகூர் பாலத்துல எவன் அண்ணி பார்க்கப் போறான்?" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நானும் சரி என்றிருப்பேன். ஆனால் அந்தப் பெட்டியில் பதித்திருப்பது யானைத் தந்தம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். 2025 மே மாதம் கிரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் லோரி மோதிச் செத்துப்போன குட்டியை விட்டு நகராமல், அந்த லோரியின் மேல் தலையை முட்டிக்கொண்டு நின்ற தாய் யானையின் படம் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. கிரிக் மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில்தான் இருக்கிறது. யானையின் உடம்பிலிருந்து வந்த ஒரு பொருளைத் துணிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்ச நாள் பொறும்மா, கேட்டுட்டு செய்யலாம்" என்றேன்.

நாங்கள் சுங்கை சிப்புட்காரர்கள். தாத்தா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தார். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை அடுத்துத்தான் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் பிரகடனமானது. தாத்தா வேலை செய்த தோட்டத்தின் துரை அடுத்த ஆண்டே குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி இது. லயத்து வீட்டில் அதைவிட அழகான பொருள் வேறு எதுவும் இருந்திருக்காது. பாட்டி அதில் விபூதியும் கற்பூரமும் வைத்திருந்தார். தாத்தா தன் சிவப்பு அடையாள அட்டையை வைத்திருந்தார். அந்த அட்டை இன்றும் உள்ளேயே இருக்கிறது.

பெட்டி ஒரு முழ நீளம்கூட இருக்காது. கருஞ்சிவப்பு ஈட்டி மரம். மூடியின் ஓரம் முழுக்க விரல் அகலத்துக்கு வெள்ளைத் தகடு பதித்து, அந்தத் தகட்டில் கொடியும் பூவுமாகக் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பியிருக்கிறார்கள். இப்படிச் செய்வது விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்களின் வேலைப்பாடு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்காக அங்கே நிறைய செய்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியை அங்கேதான் செய்தார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வேலை அந்த மாதிரி இருக்கிறது. கீழே நான்கு உருண்டைக் கால்கள்.

முதலில் தெரிய வேண்டியது, அது உண்மையிலேயே தந்தம்தானா என்பது. ஈப்போவில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கலாம் என்றார். நான் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு, "எலும்புன்னு சொல்லிட்டா ஒரு பேப்பரும் வேணாம்மா, ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி இப்பவே தர்றேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துடும்" என்றார். எலுமிச்சையின் புளிப்பு தந்தத்தின் மேற்பரப்பை அரித்துவிடும். சூட்டு ஊசி பட்ட தழும்பு ஒருநாளும் போகாது. நூறு வருடத்துப் பொருளை அப்படிச் செய்யச் சொல்ல எப்படி மனம் வந்ததோ.

ஊருக்குத் திரும்பி, எங்களுக்கு மூன்று தலைமுறையாக நகை செய்து தரும் பத்தரிடம் போனேன். கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து, கால்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில்தான் அதன் அடையாளம் தெளிவாகத் தெரியும். மூடியில் இருப்பதுபோல் நீளவாட்டில் சீவிய தகட்டில் மெல்லிய அலைக் கோடுகள் மட்டுமே தெரியும். "டீச்சர், வந்து பாருங்க" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார். ஒரு காலின் அடியில், மீன் வலையை விரித்துப் போட்டதுபோல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. ஓரத்துப் பக்கம் அந்தக் கோடுகள் வெட்டும் கோணம் அகலமாக இருந்தது. யானைத் தந்தத்தில் அது பொதுவாக 115 பாகைக்கு மேல் இருக்கும். பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன மாமூத் யானையின் தந்தத்தில் 90-க்குக் கீழே குறுகும். பிளாஸ்டிக்கில் இந்த வலை இருக்காது. செல்லுலாய்டில் தந்தம்போல் கோடு போட்டிருந்தாலும் அது அளவெடுத்த மாதிரி நேர் நேராக ஓடும்.

அடுத்த காலில் வலை இல்லை. பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். அது எலும்பு; இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் அவை. நான்கு கால்களில் இரண்டு தந்தம், இரண்டு எலும்பு. எப்போதோ உடைந்ததை யாரோ மாற்றியிருக்கிறார்கள். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கிலும் காட்டினோம். தந்தம், எலும்பு இரண்டுமே நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தன. அந்த விளக்கு பிளாஸ்டிக்கைப் பிரித்துக்காட்ட உதவுமே தவிர, இவை இரண்டையும் பிரிக்க உதவாது.

சரி, தந்தம்தான். அடுத்து ஈப்போவில் இருக்கும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எல்லாப் பக்கமும் படமெடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் சேர்த்துக்கொண்டு போனேன். உள்ளே நுழையும்போது எனக்குக் கை நடுங்கியது உண்மை. பறிமுதல் செய்துவிடுவார்களோ, கேஸ் போட்டுவிடுவார்களோ என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இது எந்த வருடத்திலிருந்து உங்கள் குடும்பத்தில் இருக்கிறது, அதற்கு என்ன சாட்சி?"

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இந்த நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆசிய யானை அன்றிலிருந்தே அதன் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்க யானை 1976 பிப்ரவரி 26-ஆம் தேதி சேர்ந்தது. அந்தத் தேதிகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட தந்தம் என்று நிரூபித்தால், ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்று சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியாவில் இதற்கு 2008-ஆம் ஆண்டின் 686-ஆவது சட்டம் இருக்கிறது. உள்நாட்டில் வனவிலங்குப் பொருள்களை வைத்திருப்பதற்கு 2010-ஆம் ஆண்டின் 716-ஆவது சட்டம். சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அந்த நாட்டின் அனுமதியும் வேண்டும். அங்கே 2021 செப்டம்பர் 1 முதல் தந்த விற்பனைக்கே தடை. "பூட்ல வைத்துக் கொண்டுபோயிருந்தால் உங்கள் மகள்தான் மாட்டியிருப்பார்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னபோது எனக்கு உடம்பு சில்லிட்டது.

இந்தக் கண்டிப்பு தேவைதான் என்று நினைக்கிறேன். 2016 ஏப்ரலில் நம் நாட்டில் 9.55 டன் தந்தத்தை அழித்தார்கள். 2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில் ஆறு டன் தந்தம் பிடிபட்டது. பழைய பொருள் என்று சொல்லிப் புதிய தந்தத்தை நுழைப்பவர்கள் இருக்கும்வரை, என் தாத்தாவின் பெட்டியையும் சந்தேகத்தோடு பார்க்கத்தான் வேண்டும்.

சாட்சிக்கு எங்கே போவது? துரை கடிதம் ஏதும் எழுதிக் கொடுக்கவில்லை. ரசீது இல்லை. இரண்டு வாரம் அலமாரிகளைக் குடைந்தேன். கடைசியில் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் சட்டத்தோடு கிடைத்தது. அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார், அப்பா கோட்டு போட்டு நிற்கிறார், நடுவில் ஒரு சின்ன மேசை. இத்தனை வருடமாக அந்த மேசையை நான் பார்த்ததே இல்லை. தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் அதே பெட்டி! மூடியின் ஓரத்து வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை, அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில் "1961 தை".

அப்புறம் சித்தப்பா. அவருக்கு 84 வயது. துரை கிளம்பிய அன்று லோரியில் சாமான் ஏற்றியதைப் பார்த்த சிறுவன் அவர். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எழுதிக் கொடுக்க வர முடியுமா என்று கேட்டேன். "எங்கப்பாவுக்காக வரமாட்டேனா?" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பெட்டியைத் தாத்தா வேட்டியில் சுற்றி எடுத்து வந்ததையும், பாட்டி அதைத் தொடவே பயந்ததையும் அவர் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்த பெண் விரலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பிரமாணம், கல்யாணப் படத்தின் நகல், பெட்டியின் படங்கள், பத்தரின் குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு காத்திருந்தேன். இடையில் இரண்டு முறை கூடுதல் படம் கேட்டார்கள், அனுப்பினேன். அந்த நாட்களில் பெட்டியை எப்படி வைத்திருப்பது என்றும் கற்றுக்கொண்டேன். பாட்டி வெள்ளிதோறும் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்ததால்தான் தகடு இப்படிப் பழுப்பேறியிருக்கிறது. இனி எண்ணெய் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவது மட்டும்தான். வெயிலும் ஏர்கோன் காற்றும் மாறி மாறிப் பட்டால் தந்தம் வெடிக்கும். மூடியில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருக்கிறது.

சித்திரைப் பிறப்புக்கு மகள் வந்தாள். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் பக்கம் இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். பெட்டியைத் திறந்து சித்தப்பாவின் பிரமாணத்தை முழுக்க வாசித்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

"சின்னத் தாத்தா இங்கதானே இருக்காரு, பெட்டியும் இங்கயே இருக்கட்டும்மா" என்றாள். மறுநாள் சித்தப்பாவை அழைத்து வந்து, பெட்டியை அவர் மடியில் வைத்து ஒரு படம் எடுத்தாள். ஈப்போவில் பிரதி போட்டு வந்து, பின்பக்கம் தேதியும், யார் யார் என்பதும், துரை கொடுத்த கதையும் பேனாவால் எழுதி, தாத்தாவின் சிவப்பு அட்டைக்கு அடியில் வைத்து மூடினாள்.