அப்பாவின் யூரின் டியூப் இழுபடாமல் இருக்க

புராஸ்டேட் வீக்கத்தால் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. டியூப் போட்டு, சிறுநீர் சேரும் யூரோ பேக் பையை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையைக் காலி செய்யச் சொல்லிக்கொடுத்தவர்கள் டியூபைத் தொடையில் ஒட்டிவிடவில்லை.

வீட்டில் புரண்டு படுத்தாலே "இழுக்குதுடா, எரியுது" என்பார். பாதி நிரம்பிய 2 லிட்டர் பை என்றால் ஒரு கிலோ எடை. டியூப் வெளியே நழுவாமல் இருக்க, உள்ளே ஒரு சின்ன பலூனில் 10 மி.லி. அளவுக்குத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அது மூத்திரப்பையின் வாயில் போய் அழுத்தும். வலியோடு, சிறுநீர் முட்டுவது போன்ற உணர்வும் வரும். வேகமாக இழுபட்டால் ரத்தமே வரலாம்.

எதிர்வீட்டு அக்கா ஸ்டாஃப் நர்ஸ். தொடையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டார். அப்பா தேய்த்திருந்த தேங்காய் எண்ணெய்க்கு ஒரு முறைப்பு! டைனாபிளாஸ்ட் என்ற ஒட்டும் பட்டையை முதலில் டியூபைச் சுற்றி ஒட்டி, அப்புறம்தான் இரு நுனிகளையும் தோலில் ஒட்டினார். இப்படிச் செய்தால் டியூப் நசுங்காது, தோலிலும் பதியாது. ஒட்டியது டியூப் இரண்டாகப் பிரியும் கவட்டைக்குப் பக்கத்தில். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் கிளையைத் தொடவே இல்லை. "அப்பா, காலை மடக்கி நீட்டுங்க" என்று பார்த்து, ஒட்டிய இடத்துக்கு மேலே டியூபில் கொஞ்சம் தளர்வு விட்டார். அந்தத் தளர்வில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று ராத்திரி அப்பா தூங்கினார்.

நாளாக ஆகத் தோல் சிவந்தது. கால் மாற்றி ஒட்டிப் பார்த்தோம். பிறகு சர்ஜிக்கல் கடையில் வெல்க்ரோ பட்டை வாங்கினோம். "லுங்கிக்குள்ள பெல்ட்டா?" என்று முணுமுணுத்தார், ஆனால் கழற்றவில்லை. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், இறுக்கினால் கால் வீங்கும். ஆண்களுக்கு வெகுநாள் டியூப் இருந்தால் அடிவயிற்றில் ஒட்டச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. ஆணுறுப்பின் கீழ்ப்பக்கம் அழுந்திப் புண்ணாகாமல் இருக்கத்தான்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள்தான் பெரிய தொல்லை. பாசமாகப் பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பார்கள். உள்ளே இருப்பது திரும்ப ஓடினால் கிருமித் தொற்று வரும். பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும்.

திடீரெனப் பையில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு இல்லாமல் அடிவயிறும் உப்பி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.