நவம்பரில் சம்பாதித்த பணம்

"நவம்பரில் இந்தப் பிள்ளைகள் அடி வாங்கிச் சம்பாதித்த பணம்தானே அது?" என்று எங்கள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் கேட்டார். பெரிய கல்லூரிகளின் அரங்கில் போய்த் தோற்று வாங்கிவந்த காசோலையைத்தான் சொன்னார். கணக்கு பார்க்கும் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. சீசன் முடிவில் பணம் கட்டி ஆடும் ஒரு போட்டிக்கு வந்த அழைப்பை ஏற்க வேண்டாம் என்று முடிவானது. கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்குக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். எங்களுடையதைப் போன்ற சிறிய கான்ஃபரன்ஸுக்கு, மார்ச்சில் நடக்கும் தேசியச் சாம்பியன் போட்டியான என்சிஏஏ-யில் பெரும்பாலும் ஓர் இடம்தான். கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்ற அணிக்கு அது போய்விடும். லீக்கில் முதலிடம் பிடித்தும் கோப்பையைக் கோட்டைவிட்ட அணிக்கு முன்பு அடுத்த நிலைப் போட்டியான என்ஐடி-யில் இடம் உறுதி. 2024-ல் அந்த உறுதியும் போனது. பிறகு தரவரிசை நிபந்தனையோடு ஓரளவு திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது பணம் கட்டி ஆடும் போட்டிகள். ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் நடந்துவந்த சிபிஐ என்ற போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 27,500 டாலர் என்று செய்திகளில் வந்தது. எங்களுக்கு வந்ததும் அந்த வகை அழைப்புதான்.

கட்டணத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். வீரர்கள், பயிற்சியாளர்கள், டிரெய்னர், வீடியோ பார்ப்பவர் என்று 28 பேர். ஞாயிறு இரவு முடிவெடுத்து வார இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால், ஒரே விமானத்தில் அத்தனை இருக்கை கிடைக்காது. தோற்றால் மறுநாளே திரும்ப வேண்டும், ஜெயித்தால் தங்க வேண்டும். அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்தான் எடுக்க முடியும், அதன் விலை வேறு. 15 அறை, மூன்று வேளை சாப்பாடு, அங்கே ஒரு பேருந்து. பொது அரங்கம் என்பதால் டிக்கெட் வசூல் நமக்கு வராது. என்சிஏஏ போட்டியில் இறுதி ஆட்டம் தவிர, ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யூனிட், அதாவது போட்டி வருவாயில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர். இங்கே அப்படி எதுவும் கிடையாது.

இந்தக் கணக்கில் இப்போதும் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஆனால் பயிற்சியாளர் கேட்டது கோப்பையை அல்ல, பயிற்சி நாட்களை. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி தரலாம். கடைசி ஆட்டம் முடிந்த பிறகு அது 8 மணி நேரம். அதில் பந்தோடு செய்யும் பயிற்சிக்கு 4 மணி நேரம்தான். எதிரணியின் இருவர் சேர்ந்து ஆடும் பிக்-அண்ட்-ரோல் என்ற தாக்குதலைத் தடுக்கும்போது எப்போது வெளியே வர வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று கூடைக்கு அருகே ஆடும் ஒரு முதலாண்டு சென்டருக்குப் பழக்க, ஐந்துக்கு ஐந்து ஆடும் முழுப் பயிற்சி வேண்டும். 4 மணி நேரத்தில் ஷூட்டிங்தான் நடக்கும். ஆட்டத்துக்கு 6 நிமிடம் இறங்கியவனை 25 நிமிடம் விட்டுப் பார்க்கவும் வேறு இடம் இல்லை.

விசியு என்ற வர்ஜீனியா கல்லூரி அணி 2010-ல் சிபிஐ-யை வென்றது. அடுத்த ஆண்டே என்சிஏஏ போட்டியில், டேட்டன் நகரில் நடக்கும் ஃபர்ஸ்ட் ஃபோர் என்ற தொடக்கச் சுற்றிலிருந்து ஃபைனல் ஃபோர் எனும் அரையிறுதி வரை போனது. லொயோலா சிகாகோ 2015-ல் அதே கோப்பையை வென்றபோது டான்டே இங்கிரம் முதலாண்டு மாணவர். 2018 என்சிஏஏ போட்டியில் மயாமிக்கு எதிராகக் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டவர் அவர்தான். அந்த அணியும் ஃபைனல் ஃபோர் சேர்ந்தது. வென்றும் எங்கும் போகாத அணிகள் இதைவிட அதிகம், அதனால் இதை வைத்து விதி எழுத முடியாது.

அந்த மூன்றாண்டு காத்திருப்பு இப்போது யாருக்கு வாய்க்கிறது என்பதும் சந்தேகம்தான். 2024-ல் என்சிஏஏ அணித் தேர்வு அறிவித்த மறுநாளே, வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. 25 நிமிடம் ஆடவிட்ட பையனின் வீடியோவைப் பார்த்து பெரிய கல்லூரி ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டால், நம் செலவில் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததாக ஆகும். கூட்டத்தில் இதையும் சொன்னோம். "அப்படிப் போனால் போகட்டும், அவனுக்கு நல்லதுதானே" என்றார் பயிற்சியாளர். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

நவம்பரில் பெரிய கல்லூரி அரங்கில் போய் ஆடிவிட்டு வந்தால் 80,000 டாலருக்கு மேல் காசோலை வரும். தோல்வி ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்தேதான் அனுப்புகிறோம். அந்தப் பணம் துறையின் பொதுக் கணக்கில் சேர்ந்து நீச்சலுக்கும் டென்னிஸுக்கும் போகிறது, போகவும் வேண்டும். அந்த விளையாட்டுகளுக்கு வேறு வருமானம் இல்லை.

அடுத்த ஆண்டு வரவுசெலவில் "மார்ச்" என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: நவம்பர் காசோலையில் மூன்றில் ஒரு பங்கு. மறுத்தது சரி என்றே இன்னும் நினைக்கிறேன். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். பங்கு போதாது என்கிறார் பயிற்சியாளர். விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான்.