அம்பாசடரில் டைமிங் வைக்கும் முன் பாயிண்ட்டைப் பாருங்கள்

பழைய அம்பாசடர் மேட்டில் இழுக்கவில்லை, சீக்கிரம் சூடேறுகிறது என்றால் பலரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அதற்கு முன் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, பார்ப்பது நல்லது. இங்கே சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். பின்னால் வந்த இசுசு எஞ்சினுக்குப் பொருந்தாது.

டைமிங்கில் கை வைக்கும் முன் சிபி பாயிண்ட் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) சரியாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண். பாயிண்ட் இடைவெளி கூடினால் அது முன்கூட்டியே திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், அதாவது தீப்பொறி முந்தும்; குறைந்தால் ரிட்டார்ட் ஆகும், அதாவது பிந்தும். கேமின் முனையில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது 14 முதல் 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். ஓடிய பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் சிறு மேடும் விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்த மேட்டில் முட்டிக்கொண்டு 15 காட்டும், உண்மையான இடைவெளியோ அதைவிட அதிகம். மேட்டைத் தேய்த்துவிட்டு அளக்கலாம், மாற்றிவிடுவதே மேல். முனை நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரையும் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சிறு பாகம்) சேர்த்து மாற்றுங்கள்.

புது பாயிண்ட் மாட்டியதும் வண்டி அடியோடு ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பிரிங்கைப் பிடிக்கும் போஸ்ட்டில் இன்சுலேட்டர் வாஷர் இடம் மாறியிருக்கும். ஸ்பிரிங், காயில் ஒயர், கண்டென்சர் ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், போஸ்ட்டைத் தொடக்கூடாது. உள்ளே பேஸ் பிளேட்டிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரையும் விரலால் இழுத்துப் பாருங்கள். மேலுறை நன்றாக இருந்தும் உள்ளே கம்பி அறுந்திருப்பது உண்டு. அப்படி இருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் மிஸ் அடிக்கும்.

அடுத்து, ரேடியேட்டர் பக்கம் உள்ள 1-ம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது அது கம்ப்ரஷன். கிராங்க் புல்லியின் வெட்டு, டைமிங் கவரின் அடியில் உள்ள முட்களை நோக்கி வரும். நீளமான முள் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்), மற்றவை அதற்கு முந்தைய 5, 10 டிகிரி. எண்ணெய் அழுக்கில் கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெயில் துடைத்து, வெட்டில் வெள்ளை பெயின்ட் தொட்டு வையுங்கள். மேனுவல் சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தக்கூடாது. நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னோக்கியே வர வேண்டும். இல்லாவிட்டால் செயின் தொய்வு கணக்கில் ஏறிவிடும்.

12 வோல்ட் சிறு பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் காயில் ஒயரிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து இக்னிஷன் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது. ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை அதே பக்கம் திருப்பிப் பல்பை அணையுங்கள். பிறகு வலஞ்சுழியாக மெல்லத் திருப்பி, பல்பு பற்றும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்வது சகஜம், இன்னொருமுறை சோதியுங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறந்தால் காயில் சூடேறிக் கெடும்.

டைமிங் லைட் (தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறைந்த ஐட்லிங்கில் பாருங்கள். ஐட்லிங் அதிகமானால் உள்ளிருக்கும் எடைக்கட்டிகள் விரிந்து, அந்த அட்வான்ஸும் சேர்ந்து தெரியும். வெட்டு ஓரிடத்தில் நிற்காமல் குதித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது செயின் தளர்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு டிகிரி பார்ப்பதில் பயனில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் வெட்டு நகராவிட்டால் எடைக்கட்டிகள் துருவில் சிக்கியிருக்கும். வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பேஸ் பிளேட் அசையாவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மேனுவல் எண் அந்தக் காலப் பெட்ரோலுக்கானது. கடைசி முடிவை ரோட்டில் எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் மேடேறும்போது முழுதாக மிதித்தால் லேசான தட்டல் எழுந்து உடனே மறைய வேண்டும். தட்டல் நீடித்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தாலோ அட்வான்ஸ் அதிகம். ஹேண்டிலைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்காதீர்கள் என்பது இந்த உதைக்காகத்தான், மணிக்கட்டே முறியும். தட்டலே இல்லாமல் மந்தமாக இழுத்தால் ரிட்டார்ட். இந்தச் சின்னத் திருத்தத்துக்குக் கிளாம்ப்பைத் தொட வேண்டாம். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் ஏ (அட்வான்ஸ்), ஆர் (ரிட்டார்ட்) குறியிட்ட சுரசுரப்பான நட்டு இருந்தால் அதைத் திருப்புங்கள். சுமார் 11 கிளிக் ஒரு டிகிரி.

புது பாயிண்ட்டின் ஹீல் (கேமில் உரசும் பகுதி) முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து படியும். இடைவெளி குறைந்து டைமிங் தானே ரிட்டார்ட் ஆகும், அப்போது மறுபடி அளக்க வேண்டும். கேமில் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். கூடினால் பாயிண்ட்டில் தெறித்துக் கருக்கிவிடும்.